ஆறாம் நம்பர் கார்பன்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பாடாலூரில் நெடுஞ்சாலையை ஒட்டிச் செல்லும் சர்வீஸ் சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோது என் இடது பாதத்தின் மேற்புறத்தில் வலி தொடங்கியது. நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அப்போது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அங்கிருக்கும் பஞ்சர் கடையைக் கடக்கும்போது நேரத்தைப் பார்ப்பது என் வழக்கம். அன்று எப்போதையும்விட முன்னதாகவே கடந்திருந்தேன். அந்த மகிழ்ச்சி முழுதாக மனத்தில் இறங்குவதற்குள் வலி வந்துவிட்டது.

அது கணுக்காலிலும் இல்லை, விரல்களிலும் இல்லை. பாதம் மேடேறிக் கணுக்காலைச் சேருமிடத்தில், ஒரு நாணயத்தை வைத்து மூடிவிடக்கூடிய அளவில் இருந்தது. முதலில் ஒரு குத்தல். அதன் பின் கால் தரையை விட்டு எழும்போதெல்லாம் ஓர் இழுப்பு. நின்றேன். மொபெட்டில் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பயிற்சியாளர், நாங்கள் எல்லோரும் சார் என்றே அழைப்பவர், விளக்கை அணைக்காமலேயே கேட்டார்.

"என்னம்மா நின்னுட்ட?"

"கால் வலிக்குது சார்."

"நீ வலிக்குதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்லையே." வண்டியை ஓரங்கட்டினார். "ஏறு."

அவர் சொன்னது உண்மைதான். நான் எதையும் எளிதில் சொல்லிவிடுகிறவள் அல்ல. பெரம்பலூரில் முதுகலைத் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எனக்கு, விடியற்காலையில் மைதானத்தில் கூடும் அந்தப் பெண்கள் குழுதான் பேச வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரே கூட்டமாக இருந்தது. ஓடும்போது யாரும் யாரிடமும் கருத்துக் கேட்பதில்லை. அப்படித்தான் ஓட வந்தேன். வந்த பிறகு, பத்துக் கிலோமீட்டர் தொலைவு என் உடம்புக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்தது. மார்ச் மாதக் கடைசியில் அந்தத் தொலைவுக்கான தேர்வு ஓட்டம் நடக்கவிருந்தது. முதலில் வருகிற சிலரை மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். மாணவியாக ஓடுவதற்கு எனக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அந்த வாய்ப்பு இப்போது பாதத்தின் அந்தச் சிறிய இடத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது.

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்துதான் காலைக் குனிந்து பார்த்தேன். காலில் இருந்தது கார்பன்.

கார்பன் என்பது எங்கள் குழுவுக்கு ஒரு ஜோடியின் பெயர். அடிப்பாகத்தில் பஞ்சுபோலத் தடித்த நுரையும், அதன் நடுவே வளையாத கார்பன் தகடும் வைத்துச் செய்யப்பட்ட ஓட்டக் காலணி அது. போட்டுக்கொண்டு நடந்தால் முன்னோக்கி யாரோ தள்ளுவதுபோல இருக்கும். ஓடினால் தரை நம்மைத் திருப்பி அனுப்புவதுபோல இருக்கும். குழுவில் முன்பு ஓடிய ஓர் அக்கா வேலை கிடைத்துச் சென்னைக்குப் போகும்போது, "யாருக்குப் பந்தயம் இருக்கோ அவ போட்டுக்கட்டும்" என்று சொல்லி மைதானத்திலேயே விட்டுச் சென்றார். அன்றிலிருந்து அது பொதுவானது. அடுத்த போட்டி யாருக்கோ, அவர் வீட்டில் அது இருக்கும். தண்ணீரில் நனைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துத் தர வேண்டும், செருப்போடு சேர்த்து வாசலில் விடக் கூடாது என்று எழுதப்படாத விதிகள் உண்டு. "கார்பன் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டால் அடுத்த போட்டி யாருக்கு என்று பொருள்.

இதில் ஒரே ஒரு சிரமம். அது ஆறாம் நம்பர். கால்கள் பல நம்பர். பெரிய கால் உள்ளவர்கள் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற இன்சோலைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொள்வார்கள். சிறிய கால் உள்ளவர்கள் இரண்டு காலுறை அணிந்து, லேஸை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். நான் சிறிய கால். பாடாலூரில் ஒத்திகை ஓட்டம் இருந்ததால் அந்த வாரம் முழுவதும் கார்பன் என்னிடம் இருந்தது. போட்டியன்று புதிதாக இருக்கக் கூடாது, கால் பழக வேண்டும் என்று நினைத்து, தினமும் அதிலேயே ஓடினேன். எதையும் முன்கூட்டிப் பழகிக்கொள்வது என் இயல்பு.

வீட்டுக்கு வந்த பின் கைபேசியில் தேடினேன். பாதத்தின் அந்த இடத்தில் படகு வடிவத்தில் ஓர் எலும்பு இருக்கிறது என்று தெரிந்தது. கார்பன் தகடு வைத்த காலணிகளுக்கு மாறிய ஓட்டக்காரர்கள் சிலருக்கு அந்த எலும்பில் கீறல் விழுந்ததைப் பற்றி ஒரு மருத்துவர் பேசும் காணொளியும் கிடைத்தது. ரத்த ஓட்டம் குறைவான எலும்பு, ஆற நாளாகும் என்றார். இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே, காலணிதான் காரணம் என்று இப்போதைக்கு அறுதியிட்டுக் கூற முடியாது என்றும் சொன்னார். முழுவதையும் கவனமாகக் கேட்டேன். ஆனாலும் முதலில் சொன்னதுதான் மனத்தில் தங்கியது. அவர் ஒரு பொம்மைப் பாதத்தில் விரலை வைத்துக் காட்டிய இடமும் என் விரல் தானாகப் போய் அழுத்திய இடமும் ஒன்றாக இருந்தன.

மறுநாள் ஓட முடியாவிட்டாலும் மைதானத்துக்குப் போனேன். கார்பனை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்தவள் ஆண்டிமடத்திலிருந்து இங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் இளங்கலை மாணவி. வார இறுதியில் அவள் ஊருக்கு அருகே ஒரு சாலை ஓட்டம் இருந்தது. உயரமானவள், எங்கள் குழுவில் எல்லோருக்காகவும் பேசுகிறவள். நான் துணிப்பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அக்கா, கார்பன் கடிச்சிருச்சாமே?"

"கடிக்கல. வலிக்குது."

"ஷூ கடிச்சா பேண்டேஜ் ஒட்டலாம். இது எலும்பையில்ல கடிக்கும்போல."

அவளும் அதே காணொளியைப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது. பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த இன்னொருத்தி, வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு உடம்புக்காக மட்டும் ஓட வருகிறவள், புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "அந்தக்கா அதப் போட்டு ஓடி வேலைக்கே போயிட்டாங்க. நமக்கு மட்டும் கடிக்குமா?"

"அவங்க ஷூ, அவங்கள எப்படிக் கடிக்கும்?" என்று உயரமானவள் திருப்பிக் கேட்டாள்.

சார் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாங்கல்லாம் வெறுங்கால்லதான் ஓடுனோம். எங்களுக்கெல்லாம் எதும் வந்துச்சா?"

"அதான் சார் இப்ப வண்டியில வரீங்க," என்றாள் ஆண்டிமடத்துக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள், சாரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் என்னைப் பார்த்து, அரியலூரில் ஒரு எலும்பு மருத்துவர் இருக்கிறார், விளையாடுகிறவர்களின் காலைப் பொறுமையாகப் பார்ப்பார், போய் வா என்றார். ஆண்டிமடத்துக்காரி பையை வாங்கிக்கொண்டாள். "வாங்கிக்கிறேன்க்கா. ஆனா உங்க ரிசல்ட்டு தெரியாம இதுக்குள்ள கால விட மாட்டேன்."

எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. எலும்பு கீறியிருக்கிறதா, இல்லையா.

செவ்வாய்க்கிழமை அம்மா துணிக்கடை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னுடன் வந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலை மூடிவிட்டு அம்மா தொடங்கினார்.

"ஏண்டி, வலிக்குதுன்னா வாயத் தொறந்து சொன்னா என்ன? நீ மாடிப்படிய ஒவ்வொண்ணா எறங்குறதப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? கட்டுப் போட்ட பெறகா?" முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்தார். "காலு தானா ஓடாதா? அதுக்குத் தகடு வேற வச்சுத் தைக்கணுமாக்கும்."

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. காலை மடியில் வைத்துக்கொண்டு, கீரைக்கட்டைப் பிரித்துப் பார்ப்பதுபோலப் பாதத்தின் ஒவ்வொரு பகுதியாக அழுத்தினார். அந்த இடத்துக்கு வந்ததும் நான் மூச்சை இழுத்தேன்.

"இங்கயா?"

"ஆமா டாக்டர்."

"ஒத்தக் கால்ல குதிச்சுக் காட்டு."

குதித்தேன். வலித்தது, தாங்க முடியாத அளவில் இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஆரம்பக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார்.

"கீறல் இருந்தா?" என்று கேட்டேன்.

"கட்டுப் போட்டு, காலை ஊணாம இருக்கணும். இந்த வருஷம் ஓட்டத்த மறந்துரணும்." என் முகத்தைப் பார்த்தார். "இருந்தாத்தாம்மா. இன்னும் பாக்கவே இல்ல. வெள்ளிக்கிழமை வா. வரும்போது அந்தக் கார்பன் ஷூவையும் எடுத்துட்டு வா. நீ அத மாட்டுறத நான் பாக்கணும்."

ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பினோம். இடைப்பட்ட நாட்களில் வகுப்புக்குப் போனேன். புத்தகப்பையின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலிக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது எனக்கு. அதுவும் ஒற்றைக் காரணம். தகடுதான் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்தத் தகட்டின் மேல் கோபப்பட்டுவிட்டு அமைதியாக இருந்திருப்பேன். காணொளி மருத்துவரோ, இருக்கலாம் என்ற சொல்லைத் தாண்டவே இல்லை. ஒரு பாட்டுக்கு இப்படியும் பொருள் இருக்கலாம் என்று பேசும் பாட வகுப்பில் அந்தச் சொல்லை நான் மதிக்கிறவள். சொந்தக் காலில் வந்து நின்றபோது அதை மதிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஊருக்குப் போக வேண்டிய ஆண்டிமடத்துக்காரி, நானும் அரியலூர் வழியாகத்தானே போகணும் என்று கார்பனைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தாள். பேருந்தில் பையை மடியில் வைக்கவில்லை; காலுக்குக் கீழேயும் வைக்கவில்லை. கம்பியில் மாட்டி, அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மருத்துவர் ஸ்கேன் படத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தார். அதில் எனக்குக் கருப்பும் சாம்பலும் மட்டுமே தெரிந்தன. அதைப் பற்றி எதுவும் சொல்லாமல், "மொதல்ல ஷூவ மாட்டு" என்றார்.

மாட்டினேன். இரண்டாவது காலுறையை எடுத்தபோதே குறுக்கிட்டார்.

"எதுக்கு ரெண்டு சாக்ஸ்?"

"ஷூ பெருசு டாக்டர்."

"உன் கால் என்ன நம்பர்?"

"நாலு."

"இது?"

"ஆறு."

"நாலாம் நம்பர் காலுக்கு ஏம்மா ஆறாம் நம்பர் வாங்குன?"

நான் பதிலைச் சரியாக அமைத்துக்கொண்டிருக்கையில் ஆண்டிமடத்துக்காரி முந்திக்கொண்டாள். "வாங்கலீங்க டாக்டர். வந்துச்சு. நாங்க ஏழு பேரு மாத்தி மாத்திப் போட்டுக்கறோம்."

மருத்துவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காலணிக்குள் கையை விட்டுத் தடவினார். "இன்சோல் எங்க?"

எனக்குத் தெரியவில்லை. எனக்கு வந்தபோதே உள்ளே இல்லை. அதனால்தான் இன்னும் தளர்வாக இருந்தது. ஆண்டிமடத்துக்காரி முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் நான் கழட்டுனேன் டாக்டர். எனக்கு ஏழாம் நம்பர். வேர்வையா இருக்குன்னு எங்க வூட்டு மொட்டமாடியில காயப்போட்டேன். அங்கயே கெடக்கு."

"நல்லது. லேஸக் கட்டு."

நான் எப்போதும் கட்டுவதுபோலக் கட்டினேன். கீழ்த்துளையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக இழுத்து, மேலே வந்ததும் குதிகால் வெளியே வழுக்காதபடி இரண்டு முனைகளையும் முழுப் பலத்தோடு இழுத்து, இரட்டை முடிச்சு. அந்தக் காலணியில், எடையைக் குறைப்பதற்காக, லேஸுக்கு அடியில் வரும் நாக்குப் பகுதியைக் காகிதம்போல மெல்லியதாக வைத்திருப்பார்கள். மருத்துவர் லேஸுக்கு அடியில் சுண்டுவிரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"மாட்டக்கூட இவ்வளவு இறுக்கிக் கட்ட மாட்டாங்க," என்றார். "அப்படியே வராண்டாவுல ரெண்டு நடை நடந்துட்டு வா."

நடந்து வந்து கழற்றியபோது பாதத்தின் குறுக்கே சிவந்த கோடு ஒன்று பதிந்திருந்தது. அது வலி இருந்த இடத்தின் மேல் நேராகச் சென்றது. மருத்துவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்; பிறகு திரையின் பக்கம் திரும்பி, அதே விரலைப் படத்தில் ஓரிடத்தில் வைத்தார்.

"எலும்புல ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு. அதுக்கு மேல போற தசைநார், கால் விரலத் தூக்குற நார், அதோட உறை வீங்கியிருக்கு. இதோ இந்த வெள்ளையா தெரியுறது. லேஸ் வச்சு அழுத்துனது."

நான் கையிலிருந்த காலுறையை மடித்தேன். விரித்து மறுபடி மடித்தேன். ஆண்டிமடத்துக்காரிதான் கேட்டாள்: "எலும்பு கீறலைன்னு உறுதிதானுங்களே டாக்டர்?"

"உறுதி."

"சத்தமா சொல்லுங்க டாக்டர், அக்காவுக்குக் காதுல விழல."

"எலும்பு நல்லாருக்கும்மா," என்று மருத்துவர் என்னைப் பார்த்து மறுபடியும் சொன்னார். அப்போதுதான் என் தோள்கள் கீழே இறங்கின. அவை ஐந்து நாட்களாகக் காதருகே ஏறி நின்றது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இருந்தாலும் கேட்காமல் வர முடியவில்லை. "அப்ப அந்தத் தகடு எதுவும் பண்ணலையா டாக்டர்?"

அவர் காலணியை எடுத்து இரு முனைகளையும் பிடித்து வளைக்கப் பார்த்தார். அது வளையவில்லை. "இது வளையாது, பாரு. நம்ம கால் வளைஞ்சு செய்யுற வேலைய இது கொஞ்சம் வாங்கிக்கிது. அப்ப பாரம் வேற எடத்துக்குப் போகும். பழகாத எடத்துக்குத் திடீர்னு போனா அங்க நோவு வரலாம். அதனால எடுத்த எடுப்புல தினமும் போடக் கூடாது. அதுக்குன்னு இதப் போட்டவங்க கால் எல்லாம் ஒடையும்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு அவ்வளவு தெரியாது. யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியாது. உன் கால்ல நான் பாத்தது லேஸ். அத மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

இருக்கலாம் என்ற அதே சொல்தான். ஆனால் அன்று அதை என்னால் முழுமையாக மதிக்க முடிந்தது. வீக்கம் வடியும்வரை ஓடக் கூடாது, இரண்டு வாரம் ஆகலாம், நடக்கலாம், அந்த இடத்தின் மேல் எதுவும் அழுத்தக் கூடாது என்று சொன்னார். தேர்வு ஓட்டம் மார்ச் கடைசியில் என்றேன். "ஓடலாம். உன் நம்பர் ஷூவுல ஓடு," என்றார்.

எழுந்திருக்கும் சமயத்தில் ஆண்டிமடத்துக்காரி செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் வலது காலை முன்னால் நீட்டினாள். கட்டைவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது. "டாக்டர், இது ஏன்னு பாருங்களேன். அக்காவுக்குத் தொளதொளன்னு இருக்குது, எனக்கு முட்டுது."

"நீ தனியா டோக்கன் போட்டுட்டு வா," என்றார் மருத்துவர். ஆனால் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

வெளியே வந்து அம்மாவைக் கைபேசியில் அழைத்தேன். கடையின் இரைச்சல் கேட்டது.

"எலும்பு நல்லாருக்கும்மா. லேஸ இறுக்கிக் கட்டுனதுதானாம்."

மறுமுனையில் யாரோ சேலையின் நீளம் கேட்கும் குரல் மட்டும் வந்தது. பிறகு அம்மா மூக்கை உறிஞ்சினார். "லேஸா?"

"ஆமா."

"அந்த லேஸ முன்னாடியே அவுத்துப் பாத்திருந்தா என்ன?" கேட்டவருக்குச் சேலை நீளத்தைச் சொல்லிவிட்டு வந்தார். "சரி, ராத்திரிக்குத் தோசையா, இட்லியா?"

"தோசை," என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வது அவ்வளவு சுகமாக இருந்தது.

அரியலூர் பேருந்து நிலையத்தில் தேநீரும் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு நின்றோம். அவளுக்கு ஆண்டிமடம் பேருந்து, எனக்குப் பெரம்பலூர் பேருந்து. இரண்டுமே வந்து, இரண்டையுமே விட்டுவிட்டோம். நான் அவ்வளவு நேரம் ஒருவரோடு நின்று பேசியது அரிது. கார்பனை என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

"ஆறாம் நம்பர் கால் நம்மள்ல யாருக்குக்கா இருக்கு?"

நான் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். மைதானத்து ஓரத்தில் கழற்றி விடப்படும் செருப்புகளை வரிசையாக மனத்தில் நிறுத்தினேன். ஒருத்திதான் வந்தாள். வங்கித் தேர்வுக்குப் படிப்பவள். எந்தப் போட்டிக்கும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டவள்.

"அய்யய்யோ," என்று ஆண்டிமடத்துக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "கார்பனுக்குப் பொருத்தமான காலு பேங்க் எக்ஸாமுக்குல்ல படிச்சிட்டிருக்கு!"

எனக்கும் சிரிப்பு வந்தது. கையிலிருந்த தேநீர் சிந்துமளவுக்குச் சிரித்தேன். அவள் என்னை வியப்போடு பார்த்தாள். அதற்கு முன் நான் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அவள் அந்த வார ஓட்டத்தைத் தன் பழைய காலணியிலேயே ஓடுவதென்று முடிவு செய்தாள். ஊரிலிருந்து வரும்போது மொட்டை மாடியில் கிடக்கும் இன்சோலை எடுத்து வருவதாகச் சொன்னாள். கார்பன் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறினாள். படியில் நின்றபடியே திரும்பி, "அக்கா, போற வழியில அதத் திட்டாதீங்க. பாவம், அது ஒண்ணும் பண்ணல," என்று கத்தினாள். பேருந்து நிலையத்தில் இருந்தவர்கள் என்னையும் பையையும் பார்த்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை காலை, என் பழைய நாலாம் நம்பர் காலணியை எடுத்து லேஸ் முழுவதையும் உருவினேன். கீழிருந்து மறுபடி கோத்தேன். வலியிருந்த இடத்துக்கு நேராக வரும் ஒரு ஜோடித் துளைகளை மட்டும் வெறுமையாக விட்டு, அவற்றைத் தாண்டி மேலே கொண்டுபோய், சுண்டுவிரல் தாராளமாக நுழையும்படி முடிந்தேன். மைதானத்துக்குப் போனேன். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வங்கித் தேர்வுக்காரியின் புத்தகம் ஓரத்தில் கிடந்தது. அதன் பக்கத்தில் கார்பன் பையை வைத்தேன். பிறகு ஓடுகிறவர்களுக்கு இடையூறில்லாமல் வெளிவிளிம்போடு ஒரு சுற்று நடந்தேன். சார் மொபெட்டிலிருந்து, "வலிக்குதா?" என்று கேட்டார். கொஞ்சம் வலிக்கிறது என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, இன்னொரு சுற்று நடந்தேன்.